வெளி மேஜைகளில் கடற்காகத் தொல்லை: உணவகம் நடத்துவோருக்கு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனின் கடற்கரை ஊர் ஒன்றில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையோ, கஃபேயோ, வாசலில் மேஜை போட்ட பப்போ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரைட்டன், விட்பி, செயின்ட் ஐவ்ஸ் என்று ஊர் எதுவானாலும் தொல்லை ஒன்றுதான். வாடிக்கையாளர் கையிலிருக்கும் மீனைக் கடற்காகம் (சீகல் என்ற வெள்ளைக் கடற்பறவை) பறித்துக்கொண்டு போகும்; அவர் கவுண்டருக்கு வந்து வேறு கேட்பார்.

புதிதாகக் கடை எடுத்தவர்கள் பெரும்பாலும் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரமே பிளாஸ்டிக் ஆந்தை வாங்கிக் கூரையில் நிறுத்துவார்கள். அது பலிக்காவிட்டால் ஒலிபெருக்கி. அதுவும் பலிக்காவிட்டால் வலை அடிக்க ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்குள் மே மாதம் வந்திருக்கும், கூரையில் முட்டை இருக்கும், சட்டப்படி கை வைக்க முடியாது. இத்தனைக்கும் நடுவே பின்வாசல் குப்பைத் தொட்டியின் மூடி திறந்தே கிடக்கும்.

அதனால் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். தீனி கிடைப்பது நிற்காதவரை மற்ற எதற்குச் செலவழித்தாலும் வீண்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டுப் புத்தகம். கடையின் வாடகை ஒப்பந்தம். கூரையிலும் வெளிச்சுவரிலும் எதையாவது பொருத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா என்று கவுன்சிலில் (ஊரின் உள்ளாட்சி அமைப்பில்) கேட்டு வையுங்கள். இருந்தால் வலைக்கும் கம்பிக்கும் தனி ஒப்புதல் தேவைப்படலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அப்புறம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் இந்த வேலைக்குப் பொறுப்பாக ஒருவர். எல்லோருக்கும் பொது என்று விட்ட வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

1. ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். பறவை எங்கே உட்கார்ந்து நோட்டம் விடுகிறது, எந்தத் திசையிலிருந்து இறங்குகிறது, எந்த மேஜை அதிகம் அடிவாங்குகிறது, எத்தனை மணிக்கு, எந்த உணவை எடுக்கிறது என்று குறித்து வையுங்கள். கடையின் வரைபடத்தைக் கோணல்மாணலாக வரைந்து அதில் புள்ளி வைத்தாலே போதும்.

காரணம் இது. ஊரில் நூற்றுக்கணக்கான கடற்காகங்கள் திரிந்தாலும் உங்கள் மேஜைக்கு வருவது பெரும்பாலும் அதே சில பறவைகள்தான். அவை வரும் வழியும் அதேதான். எதிரில் உள்ள ஒரு விளக்குக் கம்பம், பக்கத்துக் கூரையின் ஒரு மூலை என்று இரண்டு மூன்று இடங்களில்தான் அவற்றின் பதுங்குமிடம் இருக்கும். புள்ளிகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் முதலில் வேலை.

நேரத்தையும் கட்டாயம் குறியுங்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அவை பள்ளியின் இடைவேளை நேரத்துக்கும் குப்பை மையம் திறக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி தம் வருகையை அமைத்துக்கொள்வது தெரிந்தது. உங்கள் மதியச் சாப்பாட்டு நெரிசல் எப்போது தொடங்கும் என்பதும் அவற்றுக்குத் தெரியும். காவலும் துப்புரவும் அந்த நேரத்துக்குச் சற்று முன்பே தயாராக இருக்க வேண்டும்.

இந்த வாரத்தில் இன்னொன்றையும் பிரித்து அறிய வேண்டும். வந்து தாக்குவது சாப்பாட்டுக்கா, குஞ்சுக்கா? சாப்பாட்டுக்கு வரும் பறவை சத்தமில்லாமல் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும். கையில் உணவு இல்லாதவரைச் சீண்டாது. குஞ்சுக்காக வருவது உரக்கக் கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாயும். வெறுங்கையோடு போகிறவரையும், நாயையும், தபால்காரரையும் விடாது. ஜூன், ஜூலையில் குஞ்சு கூரையிலிருந்து தரையில் இறங்கிவிட்டால் இது நடக்கும்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. குஞ்சுப் பிரச்சினைக்குக் குப்பைத் தொட்டியை மூடிப் பயனில்லை. அந்த மூலையில் உள்ள மேஜைகளைச் சில வாரம் எடுத்துவிட்டு, வாடிக்கையாளர் நடக்கும் வழியை மாற்றுவதே தீர்வு. கூட்டை விட்டுப் பறக்கக் குஞ்சுக்கு ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குப் பின் தாக்குதல் தானாக ஓயும்.

2. சட்டத்தை ஊழியருக்கும் சொல்லிவிடுங்கள்

1981-ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் எல்லாக் கடற்காக இனங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. கொல்வது, காயப்படுத்துவது, பிடிப்பது, முட்டையை எடுப்பது, கட்டிக்கொண்டிருக்கும் கூட்டையோ பயன்பாட்டில் உள்ள கூட்டையோ கலைப்பது எல்லாம் குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும். சாம்பல் முதுகும் ரோஸ் நிறக் காலும் கொண்ட ஹெர்ரிங் கடற்காகம் 2009 முதல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில், அதாவது மிக அதிகக் கவலைக்குரிய பறவைகளின் பட்டியலில், இருக்கிறது. உங்கள் கடையில் எத்தனை அட்டகாசம் செய்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் அது குறைந்துவரும் பறவை.

முன்பு பொது உரிமத்தின் பேரில், அதாவது தனியாக விண்ணப்பிக்காமலே, சில நடவடிக்கைகள் எடுக்க முடிந்தது. 2020 முதல் இங்கிலாந்தில் ஹெர்ரிங் கடற்காகத்துக்கும் கருமுதுகுச் சிறிய கடற்காகத்துக்கும் அந்த வசதி இல்லை. கூட்டில் கை வைக்க வேண்டுமானால் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் தனி உரிமம் கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தில் நேச்சர்ஸ்காட், வேல்ஸில் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ். "சாப்பாட்டைப் பறிக்கிறது" என்ற காரணம் உரிமத்துக்கு எடுபடாது. பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்பு போன்ற காரணம் இருக்க வேண்டும். மற்ற வழிகளை முயன்று பார்த்ததற்குச் சான்றும் வேண்டும். முதல் படியில் எழுதிய நோட்டு இங்கேயும் உதவும்.

ஊழியருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமாக: கல் எறியக் கூடாது, துடைப்பத்தால் அடிக்கக் கூடாது, கூரைக்கு ஏறக் கூடாது. உற்சாகமான ஒரு பையன் போதும், வழக்கில் மாட்டிவிட.

3. குப்பையை அடைத்துவிடுங்கள்

மேஜையைக் கவனிக்கும் முன்பே குப்பையை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பறவை உங்கள் இடத்துக்கு முதன்முதலில் வருவது மனிதர் கையிலிருந்து பறிக்க அல்ல. பின்வாசலில் கிழிந்த பையில் தின்றுவிட்டு, அப்படியே முன்வாசலையும் எட்டிப் பார்க்கிறது. பின்வாசல் திறந்திருக்கும்வரை முன்வாசல் வருகை நிற்காது.

தொட்டியின் மூடி முழுதாக மூட வேண்டும். முக்கால்வாசி கடைகளில் பை பிதுங்கி மூடி ஒரு சாண் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சந்து கடற்காகத்துக்குப் போதும். தொட்டி பத்தவில்லை என்றால் பெரிய தொட்டியோ, வாரத்தில் இன்னொரு முறை எடுப்போ கேளுங்கள். பூட்டுள்ள மூடி கிடைத்தால் வாங்குங்கள்; காற்று பலமாக அடிக்கும் ஊர்களில் பூட்டில்லாத மூடி தானே திறந்துகொள்ளும்.

இங்கிலாந்தில் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் உணவுக் கழிவைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது 2025 மார்ச் 31 முதல் கட்டாயம். சிறிய கடைகளுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம். நல்ல விதிதான். ஆனால் நாற்றமடிக்கும் எல்லாமே ஒரே தொட்டியில் சேர்கிறது, அந்தத் தொட்டி எப்போதும் தாழ்ப்பாளோடு இருக்க வேண்டும். சமையலறைக்குள் ஒரு சிறிய மூடிய வாளி, அது நிறைந்ததும் வெளித் தொட்டிக்கு, உடனே தாழ்ப்பாள். திறந்த வாளியைப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு "அப்புறம் கொட்டுகிறேன்" என்று போவதுதான் எல்லாக் கடையிலும் நடப்பது.

பைகளாகத் தெருவில் வைக்கும் ஊர் என்றால் முந்தின இரவே வைக்காதீர்கள். விடிந்ததும் கடற்காகம் வந்துவிடும், லாரி வர மணிக்கணக்கு ஆகும். பல கவுன்சில்கள் அலகால் கிழிக்க முடியாத தடித்த மறுபயன்பாட்டுச் சாக்குகள் தருகின்றன, கேட்டு வாங்குங்கள். காலையில் மீன் பெட்டி இறக்கியபின் அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காலிப் பெட்டிகளை வெளியே அடுக்கி வைக்காதீர்கள்.

4. மேஜையை ஒழுங்கு செய்யுங்கள்

வழிகாட்டியின் முக்கிய பகுதி இதுதான். செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

*தட்டு எடுப்பது.* வாடிக்கையாளர் எழுந்தபின் தட்டு மேஜையில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பறவைக்குப் பாடம் நடக்கிறது. ஆளில்லாத தட்டில் தின்று பழகியபின்தான் ஆள் இருக்கும் தட்டுக்குத் துணிவு வருகிறது. ஆகவே எழுந்த உடனே எடுக்க வேண்டும். நெரிசலில் முடியவில்லை என்றால் முதலில் மீதி உணவுள்ள தட்டை மட்டும் எடுங்கள். கண்ணாடிக் குவளை காத்திருக்கும். புதியவர்கள் குவளைகளை அழகாக அடுக்கி எடுத்துப் போவார்கள். பாதி மீன் அங்கேயே கிடக்கும்.

எடுத்த தட்டை வைக்க வெளியே ஓர் இடம் வேண்டும் என்றால் அது மூடியுள்ள பெட்டியாக இருக்கட்டும். திறந்த டிராலியில் அடுக்கி வைத்தால் அது பறவைக்குப் பந்தி.

*தரை.* மரப்பலகைத் தளத்தின் இடுக்குகளில் சிப்ஸ் விழுந்து சேரும். துடைப்பம் எட்டாது. நெரிசல் முடிந்ததும் ஒரு தட்டையான கரண்டியை விட்டுக் கிளறி எடுங்கள். குழந்தைகள் உட்கார்ந்த மேஜைக்கு அடியில் முதலில் பாருங்கள்.

*நாற்காலியின் திசை.* எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஒரு சோதனை செய்தார்கள். தரையில் ஒரு பை சிப்ஸை வைத்துவிட்டு, ஒரு முறை பறவையை உற்றுப் பார்த்தபடியும் இன்னொரு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டும் இருந்தார்கள். உற்றுப் பார்க்கும்போது கடற்காகம் நெருங்கச் சராசரியாக 21 வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. பல பறவைகள் நெருங்கவே இல்லை. பார்வைக்கே அது அவ்வளவு தயங்குகிறது.

இதை மேஜைக்குக் கொண்டு வாருங்கள். முதுகு சுவரைப் பார்த்து, முகம் பறவை வரும் திசையைப் பார்த்து இருக்கும்படி நாற்காலியைப் போடுங்கள். எந்தத் திசை என்று முதல் படியின் வரைபடம் சொல்லும். கடல் தெரியட்டும் என்று எல்லா நாற்காலியையும் ஒரே பக்கம் திருப்பி, முதுகை வெட்டவெளிக்குக் கொடுத்துவிட்டால் கூரையிலிருந்து வருவது யாருக்கும் தெரியாது. சுவரே இல்லாத இடத்தில் உயரமான செடித்தொட்டி வரிசையோ காற்றுத் தடுப்புப் பலகையோ வைக்கலாம். மேஜைக்கு மேல் பெரிய குடை விரித்தால் மேலிருந்து இறங்கும் வழி அடைபடும். குடைகளுக்கு இடையே பெரிய சந்து விடாதீர்கள்.

*சாஸ் மேஜை.* டேக்அவே ஜன்னல் உள்ள கடைகளில் நின்று பாருங்கள். வாடிக்கையாளர் பொட்டலத்தை வாங்கி நான்கடி நடந்து, வெளியே இருக்கும் சாஸ் மேஜைக்கு வருவார். இடது கையில் திறந்த சிப்ஸ், வலது கையில் கெட்சப் பாட்டில். இரண்டு கையும் வேலையில், கண் கீழே. சரியாக அந்தக் கணத்தில்தான் தோளுக்கு மேல் வெள்ளையாக ஒன்று வரும். பல கடைகளில் பறிப்பு நடக்கும் இடமே இதுதான். சாஸ், உப்பு, வினிகர் எல்லாவற்றையும் கூரைக்கு அடியில், முடிந்தால் கடைக்கு உள்ளே வையுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்து பாருங்கள், நோட்டில் புள்ளிகள் குறைவது தெரியும்.

*பொட்டலம்.* திறந்த கூம்பில் சிப்ஸ் கொடுப்பது படத்துக்கு அழகு. மூடியுள்ள அட்டைப் பெட்டி கொடுங்கள். மூடியைப் பாதி திறந்து சாப்பிடலாம். வெளி மேஜைக்குப் போகும் தட்டு மீது மூடி போட்டு எடுத்துப் போய், மேஜையில் வைத்தபின் திறக்கட்டும். தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்கும் வழக்கத்தை ஊழியர் விட்டுவிட வேண்டும்.

5. வாடிக்கையாளரிடம் வாயால் சொல்லுங்கள்

"கடற்காகத்துக்கு உணவளிக்காதீர்" என்ற பலகையைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. படித்தவரில் சிலர் அதன் அடியிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு சிப்ஸ் எறிவார்கள். பலகை இருக்கட்டும். அதைவிட, பொட்டலத்தைக் கொடுக்கும்போது ஒரு வாக்கியம் சொல்வது வேலை செய்யும்: "சுவர்ப் பக்கம் உட்காருங்கள், மூடியைத் திறந்து போடாதீர்கள், மேலே ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார்." சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒருவர் எறியும் ஒரு சிப்ஸ் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? பறவை நம் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எக்ஸிடர் குழு 2020-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே மாதிரியான இரண்டு தின்பண்டப் பொட்டலங்களில் மனிதர் கையில் எடுத்து வைத்ததையே பெரும்பாலான கடற்காகங்கள் கொத்தின. பிரைட்டன் கடற்கரையில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில், ஆய்வாளர் எந்த நிறப் பொட்டலத்திலிருந்து தின்றாரோ அந்த நிறத்தையே பறவைகள் நாடின. அது முதல் பார்வையிலேயே கற்கும் ரகம். உங்கள் கடையின் பொட்டலம் எந்த நிறம் என்பதும் அதற்குத் தெரிந்துபோகும்.

கேட்காமல் தீனி போடுகிறவர்களை என்ன செய்வது? சில கவுன்சில்கள் பொது இட ஆணை மூலம் தீனி போடுவதைத் தடை செய்து, 100 பவுண்டு வரை அபராதம் விதிக்கின்றன. உங்கள் ஊரில் இருந்தால் பலகையில் குறிப்பிடுங்கள். ஆனால் வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

பறிப்பு நடந்துவிட்டால், உணவைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இழுத்தால்தான் அலகு விரலில் படும். கீறல் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, முதலுதவி செய்து, விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆழமான காயம் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். வேறு பொட்டலம் இலவசமாகத் தரலாமா என்று பலரும் கேட்பார்கள். தந்துவிடுங்கள் என்பேன். குழந்தை அழும்போது விதி பேசிச் சம்பாதிப்பது ஒரு மோசமான ரிவ்யூ மட்டும்தான். ஆனால் அந்தப் பெட்டியை மூடி, சுவர்ப் பக்க மேஜையில் உட்கார வைத்துக் கொடுங்கள்.

6. கூரை வேலை: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மட்டும்

கடற்காகங்கள் வருடாவருடம் அதே இடத்துக்குக் கூடு கட்டத் திரும்புகின்றன. ஏப்ரலில் கூடு, மே மாதத்தில் முட்டை, பெரும்பாலும் இரண்டு மூன்று. சுமார் நான்கு வாரத்தில் பொரியும். ஆகஸ்டில்தான் குஞ்சுகள் பெரும்பாலும் கிளம்பும். ஆகவே தடுப்பு வேலைக்கு உரிய காலம் இலையுதிர் காலமும் குளிர்காலமும். கூடு காலி என்று உறுதியானபின் பழைய கூட்டையும் சுத்தம் செய்துவிடலாம். கூடு கிடந்த குப்பை மழைநீர்க் குழாயை அடைத்திருக்கும்.

கடற்காகத்துக்கு 75 மி.மீ. கண்ணி உள்ள வலை போதுமானது. புறாவுக்கு 50 மி.மீ. வேண்டும் என்பதால், புறாத் தொல்லையும் இருந்தால் சிறிய கண்ணியே போடச் சொல்லுங்கள். வலை விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்த வலையிலும் ஓட்டை விழுந்த வலையிலும் பறவை சிக்கித் தொங்கும்; சாப்பிட வந்தவர்கள் கண்முன்னே அது துடிப்பதைப் போன்ற விளம்பரம் வேறு இல்லை. பொருத்துகிறவரிடம் வருடப் பராமரிப்பையும் சேர்த்தே பேசுங்கள்.

கைப்பிடிச் சுவரிலும் விளக்குத் தண்டிலும் மெல்லிய எஃகுக் கம்பி இழுத்துக் கட்டுவது நோட்டமிடும் இடத்தைக் கெடுக்கும். முள்வரிசை வாங்கினால் கடற்காகத்துக்கு ஏற்ற நீளமானதைக் கேளுங்கள். புறாவுக்கான குட்டை முள்ளின் மேலேயே கடற்காகம் கூடு கட்டிவிடும், முள் அதற்குப் பிடிமானம். உயரத்தில் செய்யும் வேலை என்பதால் காப்பீடு உள்ள ஆளையே கூப்பிடுங்கள்.

7. விரட்டும் பொருட்கள்: கடைசியில், அளவாக

ஆந்தைப் பொம்மை நகராது என்பதைக் கடற்காகம் சில நாளில் கண்டுபிடித்துவிடும். பருந்து வடிவப் பட்டம் காற்றில் ஆடுவதால் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். தினமும் இடம் மாற்றி, கடை மூடும்போது இறக்கி வைத்தால்தான். பதிவு செய்த அபாயக் குரல் பறவையைவிட அண்டை வீட்டாரை முதலில் விரட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத அதியொலிக் கருவி என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அந்த ஒலி பறவைக்கும் கேட்காது.

பயிற்சி பெற்ற பருந்தைக் கொண்டு வருகிறவர்களை அமர்த்தலாம், ஆனால் அவர்கள் போன கையோடு கடற்காகம் திரும்பும். சீசன் தொடக்கத்தில் சில வாரம் தொடர்ந்து வரவழைத்தால் பலன் உண்டு. சிட்னி ஓபரா ஹவுஸ் பக்கத்து வெளி உணவகங்களில் இதற்கென்று நாய்கள் சுற்றின. வெனிஸில் 2022-ல் சில ஹோட்டல்கள் விருந்தினருக்கு நீர்த்துப்பாக்கி கொடுத்தன. பக்கத்து மேஜைக்காரரின் சட்டை நனைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசில்லாத வழி குரல்தான். எக்ஸிடர் குழு கோர்ன்வால் ஊர்களில் செய்து 2025-ல் வெளியிட்ட சோதனையில், மனிதர் அதட்டும் பதிவைக் கேட்ட கடற்காகங்களில் சுமார் பாதி ஒரு நிமிடத்துக்குள் பறந்துவிட்டன. அதே ஒலி அளவில் சாதாரணமாகப் பேசும் பதிவுக்குப் பறந்தவை மிகக் குறைவு, மற்றவை நடந்தே விலகின. ஊழியர் பறவையை நேராகப் பார்த்து அதட்டி, அதை நோக்கி இரண்டடி வைத்தால் போதும். வாடிக்கையாளர் பயப்படாத அளவுக்கு.

8. வருடம் முழுக்கத் தொடர

நோட்டை மூடிவிடாதீர்கள். எத்தனை பறிப்பு, எந்த மேஜை என்று வாரம் ஒருமுறை பாருங்கள். எண்ணிக்கை திடீரென ஏறினால் புதிய பறவை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். புதிய ஊழியர் வந்திருப்பார், அல்லது தொட்டியின் தாழ்ப்பாள் உடைந்திருக்கும். ஆகஸ்டில் மட்டும் ஒரு விலக்கு: பழுப்புப் புள்ளி போட்ட இளம் பறவைகள் அப்போதுதான் பறக்கக் கற்று, எல்லா மேஜையையும் சோதித்துப் பார்க்கும். அந்த மாதம் தட்டு எடுக்க ஓர் ஆளைக் கூடுதலாகப் போடுங்கள்.

பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிவிடுங்கள். அவர் மிச்ச மாவைப் பின்வாசலில் கொட்டினால் உங்கள் தாழ்ப்பாளால் பாதிப் பலன்தான். இரண்டு கடையும் சேர்ந்து பூட்டுத் தொட்டி வைத்தால் செலவும் பாதி.

வலை பொருத்துகிறவரைச் செப்டம்பரிலேயே கூப்பிட்டுத் தேதி வாங்கிவிடுங்கள். பிப்ரவரியில் ஊரே அவரைத் தேடும்.